மெத்தைக் கூண்டு, மர ஏறுகூடம், வலை அறை: திருகோணமலையில் எது நிலைக்கும்?

உப்புவெளி, நிலாவெளிக் கரையில் சனம் நிறைவது மே முதல் செப்ரெம்பர் வரை. கச்சான் அடிப்பதும் அதே மாதங்களில்தான். முற்பகல் பதினொன்றுக்கும் பின்னேரம் மூன்றுக்கும் இடையில் மணலில் கால் வைக்க முடியாது. புறாத்தீவுக்குப் போய்த் திரும்பிய குடும்பமும், கோணேசர் மலையில் கும்பிட்டு இறங்கிய குடும்பமும் நிழல் தேடும் நேரம் அது. ஹோட்டல்காரரும் உணவகக்காரரும் அருங்காட்சியகம் நடத்துவோரும் “உள்ளே பிள்ளைகள் ஏறி விளையாட ஏதாவது கட்டினால் என்ன?” என்று யோசிப்பது இந்த நாலு மணித்தியாலத்தை நினைத்துத்தான்.

யோசனை நல்லது. ஆனால் விற்பவர் காட்டும் படங்களில் இருப்பதெல்லாம் நாள் முழுக்க ஏசி ஓடும் பெருநகர மண்டபங்கள். அங்கே பத்து வருடம் நிற்பது இங்கே அரைவாசிக் காலம்கூட நிற்காமல் போகலாம். அதனால் கோட்டேசன்களை அடுக்கி வைத்து அடித்தொகையை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை. ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: கறள் பிடித்தால், பூஞ்சணம் பிடித்தால் அது கண்ணுக்குத் தெரியுமா? தெரிந்தால் இந்த மாவட்டத்திலேயே ஆள் பிடித்துத் திருத்தலாமா? எங்கள் தீர்ப்பு பெரும்பாலும் இந்த இரண்டிலும்தான் தங்கியிருக்கிறது.

முதலில் மண்டபம்

மூன்று பக்கம் திறந்த மண்டபத்தில் காற்றோட்டம் உண்டு, மின்கட்டணமும் மிச்சம். ஆனால் உலோகத்துக்கு அதைவிடக் கெட்ட இடம் கிடையாது. வெட்டவெளியில் நிற்கும் கம்பியை மாரி மழையாவது கழுவிவிடும். கூரைக்குக் கீழே நிற்பதை யாரும் கழுவுவதில்லை. காற்றோடு வந்த உப்பு படிந்து, இரவில் ஈரத்தை இழுத்து, இருந்த இடத்திலேயே இருந்து அரிக்கும். 304 தர ஸ்டெயின்லெஸ்கூட இப்படியான இடத்தில் மண்ணிறப் புள்ளி போடும். உப்பை அதைவிடத் தாங்கும் 316 தரம் கேளுங்கள். அதையும் மாதம் ஒருமுறை நன்னீரால் துடைக்க வேண்டும்.

உயரத்தை சீலிங் வரை அளக்காதீர்கள், மிகத் தாழ்ந்த வளை வரை அளவுங்கள். தகட்டுக் கூரை என்றால் மத்தியானத்தில் மிகச் சூடான காற்று தேங்குவது மேலே, அதாவது பிள்ளைகள் போட்டி போட்டு ஏறும் மேல்தட்டில். சீலிங் விசிறி இருந்தால் கழற்றிவிட்டு, கைக்கு எட்டாத சுவர் விசிறிகளைக் கூண்டோடு போடுங்கள். கூரை அஸ்பெஸ்ரஸ் என்றால் அதிலோ அதைத் தாங்கும் சட்டத்திலோ ஓட்டை போடும் எந்த யோசனையையும் அப்போதே கைவிடுங்கள். புதிதாக மண்டபமே எழுப்புவதென்றால், உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அத்திவாரம் வெட்டியபின் ஞாபகம் வரும் விஷயம் அல்ல இது.

மெத்தைக் கூண்டு

‘சொஃப்ட் பிளே’ என்று விற்கப்படுவது இது. சீனாவின் வென்சோ பக்கத்துத் தொழிற்சாலைகளில் இருந்து கொண்டெய்னரில் கொழும்புக்கு வந்து, லொறியில் திருகோணமலைக்கு வரும். நமது துறைமுகம் எவ்வளவு ஆழமானாலும் இந்தச் சாமான் அதில் இறங்குவதில்லை. 48 மில்லிமீற்றர் ஜிஐ குழாயில் (நாகம், அதாவது சிங்க், பூசிய இரும்புக் குழாய்) சுமார் 1.2 மீற்றர் கனசதுரங்களாகக் கட்டி, குழாய்க்குப் போம் உறையும், தட்டுகளுக்கு பிளைவுட்டின்மேல் போமும் பிவிசி ரெக்சினும், சுற்றிவர முடிச்சில்லா நைலோன் வலையும் போடுவார்கள். மூன்று தட்டென்றால் 3.6 மீற்றர், மேல்வலையோடு நாலு மீற்றர் தெளிவான உயரம் வேண்டும்.

நல்லதைச் சொல்லிவிடுவோம். ஒரு கிழமைக்குள் நிறுவலாம். மூன்று வயதுப் பிள்ளை விழுந்தாலும் மெத்தையில்தான் விழும். ஒரே தளப்பரப்பில் கூடப் பிள்ளைகளை வைத்திருப்பதும் இதுதான். பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்று யாரும் சொல்ல முடியாது.

கெடுவது எங்கே என்றால், உறைக்குள்ளே. மண்டபத்தை நனைத்துத் துடைக்கும் ஒவ்வொரு நாளும் தண்ணீர் போம் உறையின் அடியில் ஊறி, குழாயின் பாதத்தைச் சுற்றி நிற்கும். மலிவான ஜிஐ குழாயில் இருப்பது தகட்டிலேயே பூசி வந்த மெல்லிய நாகம், பக்கத்துக்கு 20 மைக்ரோன் அளவு. இதே தடிப்புக் குழாயைச் செய்தபின் உருக்கிய நாகத்தில் தோய்த்தெடுத்தால் 55 மைக்ரோன் ஏறும். அதைவிட மோசம், நிறுவ வருபவர்கள் குழாயை இங்கே கிரைண்டரால் அறுத்துவிட்டு, பூச்சில்லாத வெட்டுமுனையை, குழாய்களை இணைக்கும் சேர்ப்பிக்குள் அப்படியே தள்ளிவிடுவது. வெளியில் பார்த்தால் சிவப்பும் மஞ்சளுமாகப் புத்தம் புதிதாக நிற்கும். உள்ளே பாதம் உதிர்ந்துகொண்டிருக்கும். பிவிசி தையலில் பிரிந்த இடத்தால் வியர்வையும் ஜூசும் இறங்கி, மாரியில் போமுக்கும் பிளைவுட்டுக்கும் இடையில் பூஞ்சணம் பிடிக்கும். அந்த மணம் வந்த பிறகு கழுவிப் பயனில்லை, தட்டையே மாற்ற வேண்டும்.

மணல் இன்னொரு பிரச்சினை. கடற்கரையிலிருந்து நேரே வரும் பிள்ளையின் காலில் ஒட்டிய மணல் ரெக்சினுக்கு உப்புத்தாள்தான், சறுக்குமர வாயில் முதலில் தேயும். பந்துக்குழிக்குள் போன மணல் திரும்பி வராது. அந்தக் குழியைப் பற்றி ஒரு கணக்கு: மூன்றுக்கு இரண்டு மீற்றர் குழியில் 40 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு 7 சென்ரிமீற்றர் பந்து நிரப்ப ஏறக்குறைய எண்ணாயிரம் பந்து வேண்டும். எண்ணாயிரம் பந்தையும் ஒழுங்காகக் கழுவி உலர்த்த உங்களிடம் ஆளும் இடமும் இல்லையென்றால் குழியை விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் வெறும் மெத்தை போட்டாலும் பிள்ளைகள் குதிப்பார்கள்.

இதைத்தான் வாங்குவதென்று முடிவானால் கோட்டேசனில் எழுத வேண்டியவை: உருக்கு நாகம் தோய்த்த குழாய், வெட்டுமுனைக்கு நாகப் பெயின்ற் இரண்டு பூச்சு, ஒவ்வொரு தூணின் அடியிலும் 10 சென்ரிமீற்றர் உறை கழற்றிப் பார்க்கும்படி வெல்க்ரோவில், போமும் ரெக்சினும் தீத்தடுப்புச் சோதனைச் சான்றிதழோடு, நூற்றுக்கு ஐந்து வீதம் மேலதிக சேர்ப்பிகள், ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சுருள் ரெக்சின். கடைசி இரண்டையும் பிறகு கேட்டால் அதே அச்சும் அதே நிறமும் கிடைக்காது.

மர ஏறுகூடம்

யேல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்த ரொம் லக்கி அமெரிக்காவில் பிரபலமாக்கிய வகை. பொஸ்ரன் சிறுவர் அருங்காட்சியகத்தில் 2007இல் திறந்த மூன்று மாடி உயர ஏறுகூடம் அவருடையது. வளைந்த பிளைவுட் தட்டுகள் இலைகள்போல ஒன்றின்மேல் ஒன்றாகப் படிப்படியாக ஏறும், உருக்குக் கயிறுகள் தாங்கும், சுற்றிவர பிளாஸ்ரிக் பூசிய கம்பிவலை மூடும். நுட்பம் முழுக்க இடைவெளியில் இருக்கிறது. ஒரு தட்டிலிருந்து வழுக்கினால் அடுத்த தட்டு கையெட்டும் தூரத்தில் இருக்கும், நேரே கீழே விழ வழியே இல்லை. அதனால் இருபது அடி உயரம் ஏறும் பிள்ளைகூட எந்த இடத்திலும் சில அடிக்குமேல் விழாது. வழியைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளை மெத்தைக் கூண்டில் இருபது நிமிடத்தில் சலித்துவிடும், இதில் திரும்பத் திரும்ப ஏறும்.

மூன்று மாடிக்குப் போகத் தேவையில்லை. நாலரை மீற்றர் உயர மண்டபத்தில் ஒரு தூணைச் சுற்றி பன்னிரண்டு பதினான்கு தட்டு போதும். வளைந்த தட்டு செய்வது பெரிய மாயம் அல்ல: 3 அல்லது 4 மில்லிமீற்றர் பிளை ஐந்தாறை எப்பொக்சி பூசி மர அச்சின்மேல் அடுக்கி, இறுக்கி, மறுநாள் வரை விடுவது. வள்ளம் கட்டத் தெரிந்த தச்சருக்கு இது கைவந்த வேலை. ‘மரைன் பிளை’ என்று முத்திரை குத்தியதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கைத்துண்டை அறுத்து, ஆறு மணித்தியாலம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, உலர்த்திப் பாருங்கள். படை பிரிந்தால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள்.

தூணுக்குத் தேக்கு நல்லது. அரச மரக் கூட்டுத்தாபனத்தில் எடுத்தாலும் உலர்ந்ததா என்று ஈரமானியால் பாருங்கள். ஏசி மண்டபத்துக்குப் போகும் மரத்தை அதே மண்டபத்தில் மூன்று நாலு கிழமை அடுக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இல்லையென்றால் நிறுவியபின் வெடிப்பு விடும், வெடிப்பு விரல் நுழையும் அளவாகும். றப்பர் மரம் மலிவு, ஆனால் போரன் மருந்தூட்டாததைத் துளைப்பூச்சி விடாது. எந்த மரமானாலும் பாதம் தரையில் முட்டக்கூடாது. நாகம் தோய்த்த இரும்புச் சப்பாத்தில் 5 சென்ரிமீற்றர் உயர்த்தி வையுங்கள். தண்ணீரும் ஏறாது, கறையான் மண்புற்று கட்டினாலும் அன்றே தெரியும்.

இதன் பலவீனம், வடிவமைப்பவர் கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்பது. தட்டுகளின் இடைவெளியில் ஐந்து சென்ரிமீற்றர் பிசகினால் அது தலை மாட்டும் ஓட்டையாகிவிடும். வரைபடத்தில் சரியாக இருந்தது பொருத்தும்போது மாறும், ஆகவே கடைசி இறுக்கலுக்கு முன் ஒவ்வொரு இடைவெளியையும் அளக்க வேண்டும். காலமும் எடுக்கும். வரைதல், பொறியியலாளர் கணக்கு, மாதிரி, தச்சுவேலை என்று நாலைந்து மாதம் வைத்துக்கொள்ளுங்கள். மே சீசனுக்கு வேண்டுமென்றால் தைப்பொங்கலுக்குப் பிறகு தொடங்கக்கூடாது. வருடம் ஒருமுறை சிராய்களைத் தேய்த்து வார்னிஷ் அடிக்க வேண்டும். ஆனால் கெடுவது எல்லாம் கண்முன்னே கெடும், ஒரு தட்டு போனால் ஒரு தட்டை மட்டும் மாற்றலாம்.

வலை அறை

ஜப்பானின் ஹகோனே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் தொஷிகோ ஹொரியுச்சி மக்கடம் கையால் பின்னிய, பிள்ளைகள் ஏறித் துள்ளும் வண்ண வலைகள் ஒரு மரக் கூடாரத்துள் தொங்குகின்றன. 2009இல் வந்த அந்தக் கூடாரம் தெசுகா கட்டடக் கலைஞர்களுடையது. பார்த்தவர் எல்லோரும் கேட்பது: “வலை பின்னும் ஊரில் நாங்கள் இதைச் செய்ய முடியாதா?” முடியும், பாதி.

முடியாத பாதியை முதலில் சொல்கிறோம். தங்கூசி வலை கூடவே கூடாது. பிள்ளையின் பாரத்தில் தோலை வெட்டும். பழைய இழுவலையும் வேண்டாம்: வெயிலும் உப்பும் தின்ற நூலின் பலம் கைக்குத் தெரியாது, முடிச்சுகள் முழங்காலை உரசும். வாங்க வேண்டியது 5 மில்லிமீற்றர் தடிப்பான, முடிச்சில்லாத, 4 முதல் 5 சென்ரிமீற்றர் கண்ணுள்ள பொலியெஸ்டர் வலை. நைலோன் மெத்தென்று இருக்கும், ஆனால் மாரி ஈரத்தில் இழுபட்டுத் தொய்யும். முடியும் பாதி பராமரிப்பு: ஓரம் கட்டுவது, கண் அறுந்தால் பொத்துவது, தொய்வைத் திரும்ப இழுப்பது. கொட்பே, கிண்ணியா, மூதூர்ப் பக்கம் அந்தக் கைகளுக்குப் பஞ்சமில்லை. மூன்று வகையிலும் இங்கேயே திருத்த மிகச் சுலபமானது வலைதான்.

ஆபத்து இருப்பது வலையில் இல்லை, வலையைக் கட்டும் இடத்தில். ஓரக் கயிறு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்குச் சுவரை இழுக்கும். ஆறு மீற்றர் நீளக் கயிற்றில் 160 கிலோ பாரம் பரவி இருக்கிறது என்று வையுங்கள். நடுவில் 60 சென்ரிமீற்றர் தொய்வு விட்டால் இரு முனையிலும் கிடை இழுவை 200 கிலோ. அழகாகத் தெரிய வேண்டுமென்று தொய்வை 30 ஆக்கினால் 400 கிலோ. இது பிள்ளைகள் சும்மா இருக்கும்போது. துள்ளினால் இன்னும் பல மடங்கு. ஆறு அங்குல சீமெந்துக் கல் சுவரில் போல்ட் அடித்து இதைத் தாங்கவைக்க முடியாது. கொங்கிறீட் தூணும் வளையும் இருக்க வேண்டும், அல்லது வலைக்கென்றே தரையில் நிற்கும் இரும்புச் சட்டம் வேண்டும். அந்தச் சட்டத்தின் செலவு கோட்டேசனில் வலைக்காரர் எழுதுவதில்லை. பல இடங்களில் வலையைவிடச் சட்டம் விலை கூடும்.

வலைக்குக் கீழே யாரும் போகாதபடி அடைப்பு வேண்டும். மேலே துள்ளும் பிள்ளையின் குதிக்கால் கீழே நிற்கும் பிள்ளையின் தலையில் இறங்கும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இது சரிவராது. பெரியவர்கள் துள்ள, சிறியது உருண்டு நடுக்குழிக்குள் போய்ச் சேரும். மற்றபடி மணல் தானாகக் கொட்டிப் போகும், காற்று ஊடுருவும், பெற்றோருக்குப் பிள்ளை எப்போதும் தெரியும். திறந்த மண்டபத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

பழைய கட்டடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரெட்றிக் கோட்டைக்கு உள்ளேயோ, ஒல்லாந்தர் காலத்து வீடொன்றிலோ பிள்ளைகள் பகுதி அமைப்பதானால் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் திணைக்கள அனுமதி இல்லாமல் சுவரில் ஆணிகூட அடிக்க முடியாது. அப்போது வலை அறைக்கு வழியில்லை. தன் காலில் தானே நிற்கும் மரவேலைதான் மிச்சம். பேர்லின் யூத அருங்காட்சியகம் 2021இல் பழைய பூச்சந்தை மண்டபத்துள் பெரிய வட்ட மரப்பேழை ஒன்றைத் தனியே நிறுத்திப் பிள்ளைகளுக்குத் திறந்தது. சிறிய அளவில் அதே வழி. 60 சென்ரிமீற்றருக்குள் அடங்கும் படிகள், பொந்துகள், சுரங்கம் என்று தாழ்வாகச் செய்தால் கைப்பிடிச்சுவரும் தேவையில்லை, செலவும் குறைவு.

எதைக் கட்டினாலும்

ஐரோப்பிய விளையாட்டுக் கருவித் தரமான இஎன் 1176 இன் சில எண்களைத் தச்சருக்கும் வெல்டிங்காரருக்கும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். 89 மில்லிமீற்றருக்கும் 230 மில்லிமீற்றருக்கும் இடைப்பட்ட மூடிய ஓட்டை எங்கும் இருக்கக்கூடாது: உடல் நுழைந்து தலை மாட்டும் அளவு அது. 8 முதல் 25 மில்லிமீற்றர் விரல் மாட்டும் அளவு. விழும் உயரம் மூன்று மீற்றரைத் தாண்டக்கூடாது, அந்த உயரத்துக்குச் சோதித்த தரைவிரிப்பு கீழே வேண்டும். சறுக்குமரத்தின் சராசரிச் சரிவு 40 பாகைக்குமேல் போகக்கூடாது. நுழைவாயிலிலிருந்து இரண்டு மீற்றருக்குமேல் உள்ளே போகும் கூண்டுக்கு வெவ்வேறு பக்கத்தில் இரண்டு வாசல், ஒவ்வொன்றும் 50 சென்ரிமீற்றருக்குக் குறையாமல். உள்ளே அழும் பிள்ளையைத் தூக்கப் பெரியவர் ஒருவர் நுழைய வேண்டும் என்பதை வடிவமைப்பவர் மறக்கும் அளவுக்கு வேறெதையும் மறப்பதில்லை.

சறுக்குமரத்தை நமது பைபர் வள்ளப் பட்டறைகளில் வார்க்கலாம். அடிப்புறத்தையும் மூடிப் பூசச் சொல்லுங்கள்; வள்ளத்தின் உட்புறம்போல் நார் தெரிய விட்டால் கீழே தவழும் பிள்ளையின் தோளில் ஏறும்.

கழுத்துக் கயிறு, தாயத்து, சங்கிலி, தாவணி எல்லாம் வாசலில் கழற்ற வேண்டியவை. ஊசி குத்திய ஹிஜாபும் சறுக்குமர வாயில் மாட்டும். ஊசியில்லாமல் தலையோடு இறுகும் வகையைப் போடலாம் என்று பலகையில் எழுதினால், பிள்ளையைத் திருப்பி அனுப்பும் சங்கடம் இராது. வாசலுக்கு முன்னால் கால் கழுவும் பைப்பும், தண்ணீர் வடியும் வாங்கு ஒன்றும் போடுங்கள். பராமரிப்புச் செலவை இதைவிட மலிவாகக் குறைக்கும் சாமான் கிடையாது.

தீயைப் பற்றி இரண்டு பெயர் போதும். 2018 மார்ச்சில் ரஷ்யாவின் கெமரோவோ நகரக் கடைத்தொகுதியில் பிள்ளைகள் விளையாடும் மாடியில் பிடித்த தீயில் 60 பேர் இறந்தார்கள். வெளியேறும் கதவுகள் பூட்டியிருந்தன. 2024 மே மாதம் குஜராத்தின் ராஜ்கோட் விளையாட்டு மண்டபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போம் எரிந்தால் முதலில் கொல்வது புகை. மெத்தைக்குப் பின்னால் வயர் ஓடக்கூடாது, மண்டபம் திறந்திருக்கும்போது வெல்டிங் கூடாது, வெளிப்பக்கம் திறக்கும் இரண்டு கதவு பூட்டில்லாமல் இருக்க வேண்டும். கரண்ட் போனால் கூண்டின் உள்ளே கும்மிருட்டு, பற்றரி விளக்கு அங்கேயும் எரிய வேண்டும்.

யாருக்கு எது

நகரத்துக்குள் யன்னல் மூடிய, ஏசி போட்ட மண்டபம், வாடிக்கையாளர் பெரும்பாலும் ஆறு வயதுக்குக் கீழ் என்றால் மெத்தைக் கூண்டு. ஐந்து வருடத்தில் பெரும்பகுதியை மாற்றப் பணம் ஒதுக்க முடிந்தால் மட்டும்.

கடற்கரை ஹோட்டலின் திறந்த மண்டபத்துக்கு வலை. கொங்கிறீட் தூண் உள்ள இடத்தில் கட்டி, பக்கத்தில் சிறியவர்களுக்கு 60 சென்ரிமீற்றர் உயர மரத்திட்டு ஒன்று. இந்த இணைப்புத்தான் எங்கள் முதல் தெரிவு. வருபவர் படம் எடுத்துப் பகிரும்படி இடத்துக்கென்று ஒரு முகம் வேண்டும், உயரமும் நேரமும் இருக்கிறது என்றால் மர ஏறுகூடம். அதில் பணத்தை மிச்சம் பிடிப்பதானால் தட்டுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், வடிவமைப்பாளரின் கூலியில் கை வைக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் கடைசித் தவணையைப் பத்து வீதத்துக்குக் குறையாமல் பிடித்து வையுங்கள். 89 மில்லிமீற்றருக்கு 157 மில்லிமீற்றர் அளவில் ஒரு மரக்கட்டையும், 230 மில்லிமீற்றர் வட்டப் பலகையும் தச்சரிடம் செய்வித்து, நிறுவி முடிந்த அன்று ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்துப் பாருங்கள். கட்டை போகும் ஓட்டையில் வட்டப் பலகையும் போக வேண்டும். கட்டை போயும் பலகை போகாத ஓட்டைகளுக்குச் சோக்கால் வட்டம் போட்டு, அவை அடைபட்ட பிறகு காசோலையைக் கொடுங்கள்.